வானம் பார்த்த மாஸ்டர்

இரத்தினபுரிக்காரர்கள் நட்சத்திரத்தைத் தேடுவது மண்ணுக்குள். வயலுக்கு நடுவே குழி தோண்டி, தண்ணீர் இறைத்து, இல்லம் என்கிற கல்மண்ணைக் கூடை கூடையாக அள்ளி அரிப்பார்கள். அதில் ஒரு நீலம் அகப்பட்டால் விளக்கைப் பிடித்துப் பார்ப்பார்கள். கல்லுக்குள் ஊசி ஊசியாகக் கிடக்கிற ரூட்டைல் ஒழுங்காக அமைந்திருந்தால், வெளிச்சம் ஆறு கதிராகப் பிரிந்து கல்லின் முதுகில் ஒரு நட்சத்திரம் உட்கார்ந்திருக்கும். 2015 இல் இங்கே கிடைத்த அப்படியொரு கல் 1,404 கரட். ‘ஆதாமின் நட்சத்திரம்’ என்று பெயர் வைத்தார்கள். நியூயோர்க் அருங்காட்சியகத்தில் இருக்கும் 563 கரட் ‘இந்தியாவின் நட்சத்திரம்’ என்ற கல்லும் இலங்கை மண்ணில் எடுத்ததுதான். பெயர் வைத்தவர்களுக்குப் பூகோளம் கொஞ்சம் மட்டு.

ஊரே இப்படிக் குனிந்து நிற்கிற இடத்தில் அண்ணாந்து நிற்கிறவர் ஒருவர் உண்டு. இறக்குவானை, பெல்மதுளை, பலாங்கொடை என்று இரத்தினபுரிப் பக்கமானாலும் சரி, தெரணியகலை, எட்டியாந்தோட்டை என்று கேகாலைப் பக்கமானாலும் சரி, நாலு தோட்டத்துக்கு ஒருவராவது தேறுவார். பெரும்பாலும் தோட்டப் பாடசாலை ஆசிரியர். சில இடங்களில் கிளாக்கர், சில இடங்களில் டிஸ்பென்சர். கழுத்தில் பைனாகுலர், சட்டைப்பையில் பென்சில், முகத்தில் மழையை நம்பாத பார்வை. இங்கே அவரை மாஸ்டர் என்றே வைத்துக்கொள்வோம். தோட்டத்தில் அவருக்கு வேறு பெயர் கிடையாது.

மாஸ்டரின் பூட்டன் வானம் பார்த்த பூமியிலிருந்து வந்தவர். இராமநாதபுரம், புதுக்கோட்டை, திருச்சிச் சீமைகளில் மழை பொய்த்த வருஷங்களில் கடல் கடந்தவர்களின் வம்சம்தானே தோட்டங்களில் பாதிக்கு மேல். பூட்டன் அண்ணாந்து பார்த்தது, மேகம் வருகிறதா என்று. கொள்ளுப்பேரன் அண்ணாந்து பார்ப்பது, மேகம் போய்த் தொலைகிறதா என்று. இரத்தினபுரியில் ஆண்டுக்கு 3,500 மில்லிமீற்றருக்கு மேல் மழை. இராமநாதபுரத்து மழை அதில் நான்கில் ஒரு பங்கு கூடத் தேறாது. பூட்டன் ஊரிலேயே இருந்திருந்தால் தனக்கு எப்பேர்ப்பட்ட வானம் வாய்த்திருக்கும் என்று மாஸ்டர் சில இரவுகளில் யோசிப்பதுண்டு. சோறு வாய்த்திருக்குமா என்று யோசிப்பதில்லை.

அவருடைய பைனாகுலர் 10x50. பத்து மடங்கு பெருக்கம், முன்னாடி வில்லை 50 மில்லிமீற்றர் அகலம். இதை அவர் யாரிடமும் ஒரு வாக்கியத்தில் சொன்னதில்லை. இருட்டில் மனிதக் கண்மணி இளவயதில் ஏழு மில்லிமீற்றர் வரை விரியும், ஐம்பது வயதில் ஐந்தாகச் சுருங்கிவிடும், ஐம்பதைப் பத்தால் வகுத்தாலும் ஐந்து, ஆகவே தன் கண்ணுக்கும் தன் கருவிக்கும் பத்துப் பொருத்தமும் இருக்கிறது, கப்பற்காரர்கள் வைத்திருக்கிற 7x50 தனக்கு வீண் என்று அரை மணி நேரம் போகும். கணக்கில் பிழையில்லை. மாணிக்க வியாபாரி கண்ணில் வைத்துப் பார்க்கிற சின்ன வில்லையும் பத்து மடங்குதான் என்பதால் கல் வியாபாரிகள் அவரிடம் ஓர் இனப்பற்று பாராட்டுகிறார்கள். “மாஸ்டர், அதுல கல்லு தெரியுமா?” என்று கேட்பார்கள். அவர் பதில் சொல்வதில்லை.

இந்தச் சீமையின் ஈரத்தில் வில்லைக்குள் பூஞ்சணம் பிடிக்கும். வலைபோலப் படர்ந்துவிட்டால் எந்த நட்சத்திரத்தைப் பார்த்தாலும் சிலந்தி உட்கார்ந்திருப்பது போலத்தான் தெரியும். அதனால் பைனாகுலர் வாசம் செய்வது அரிசி டின்னில். மாதத்தில் ஏழெட்டு நாளாவது வீட்டுச் சோற்றில் தோல் உறை மணக்கிறது என்பது மாஸ்டர் மனைவியின் முறைப்பாடு.

மாஸ்டருக்கு அரசாங்கத்தின் மேல் ஒரே ஒரு மனத்தாங்கல்தான். இந்த நாட்டில் மாதம் தவறாமல் பௌர்ணமிக்கு விடுமுறை. போயா தினம். பாடசாலை இல்லை, கந்தோர் இல்லை, மறுநாள் காலை பற்றிய பயம் மட்டும் உண்டு. ஆனால் அன்றைக்குத்தான் நிலா வானத்தைச் சுண்ணாம்பு அடித்தது போல வெளுக்க வைத்து, இரண்டாயிரம் நட்சத்திரத்தில் இருபதை விட்டுவைக்கும். நட்சத்திரம் பார்க்க உகந்த அமாவாசையோ மறுநாள் காலை ஏழரைக்கு வாய்ப்பாடு சொல்லிக்கொடுக்கிற நாளாக வந்து விடியும். ஒரு பொற்காலம் இருந்தது என்பார். 1966 முதல் 1971 வரை இலங்கையில் ஞாயிறு விடுமுறையை எடுத்துவிட்டு, நிலாவின் நாலு கட்டங்களுக்கும் விடுமுறை விட்டிருந்தார்கள். அமாவாசையும் அதில் சேர்த்தி. வெளிநாட்டு வியாபாரம் குழம்புகிறது, கிழமைக் கணக்கு தவறுகிறது என்று திரும்பவும் ஞாயிற்றுக்கிழமைக்கே வந்துவிட்டார்கள். அந்த ஐந்தாண்டு அமாவாசைகளில் எத்தனை இரவு மழை பெய்யவில்லை என்று மட்டும் மாஸ்டரிடம் கேட்கக்கூடாது.

அடுத்தபடி மின்சாரம். 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்ததை நாடு மறக்காது. எண்ணெய் இல்லை, காஸ் இல்லை, மாவு விலை ஏறிக்கொண்டே போனது. ஜனங்கள் இருட்டில் உட்கார்ந்து திட்டிய அந்த இரவுகளில், ஸ்டோரின் வெளிச்சமும் துரை பங்களா வாசல் விளக்கும் அணைந்துபோன தோட்டத்தில், தென் திசையில் அகத்தியம் சுடர்விட்டதை மாஸ்டர் பார்த்தார். மனம் நிறைந்துவிட்டது. வெளியே சொல்ல முடியுமா? லயத்தில் யார் எதிர்ப்பட்டாலும் முகத்தைத் துக்கமாக வைத்துக்கொண்டு “என்ன நாடு இது” என்று முணுமுணுத்துவிட்டு, குவாட்டர்ஸின் பின்பக்கம் போய்ப் பரமானந்தமாக நிற்பார். 2025 பெப்ரவரி 9 ஆம் திகதி இன்னொரு சந்தர்ப்பம் கூடி வந்தது. பாணந்துறைத் துணை மின்நிலையத்தில் ஒரு குரங்கு செய்த வேலையால் தீவு முழுக்க மின்சாரம் போய்விட்டது. ஆனால் குரங்கு தெரிவு செய்த நேரம் பகல். அதைத் தொடர்ந்து இரண்டு மாலைகளில் ஒன்றரை மணி நேர வெட்டு போட்டார்கள். 12 ஆம் திகதி நவம் போயா, கிட்டத்தட்ட முழு நிலா. குரங்கைக்கூட மன்னித்துவிட்டார், நாட்காட்டியை இன்னும் மன்னிக்கவில்லை.

இவரது வருஷத்தில் நல்ல மாதம் என்று ஒன்று உண்டென்றால் பெப்ரவரி. மழை சற்று ஓய்ந்திருக்கும். ரப்பர் மரங்கள் இலையை உதிர்த்துவிட்டு மொட்டையாக நிற்கும். பால் குறைந்துவிடுவதால் வெட்டுக்காரர்களுக்கு அது கஷ்டகாலம். மாஸ்டருக்கு மட்டும் மேற்கு வானத்தில் யாரோ திரையை விலக்கிவிட்டது போலிருக்கும். அந்த மாதத்தில்தான் நண்பருக்கு அழைப்புப் போகும்.

நண்பர் என்பவர் ஓய்வுபெற்ற பால்வெட்டுக் கங்காணி. வெயில் ஏறினால் பால் வடிவது குறையும் என்பதால் முப்பது வருஷம் விடியற்காலையில் மலை ஏறியவர். வானத்தைப் பற்றி அவருக்குத் தெரிந்தது விடிவெள்ளி, கார்த்திகை, மூன்றாம் பிறை. அதற்குமேல் தெரிந்துகொள்ள ஆசையும் கிடையாது. மாஸ்டர் வீட்டு ரொட்டியும் கட்டச்சம்பலும் நன்றாக இருக்கும் என்பது இன்னொரு தகவல்.

மாலை ஆறரை. குவாட்டர்ஸ் முற்றத்தில் ஒரு படங்கு விரித்தாகிவிட்டது. கொழுந்தெடுக்கும்போது பெண்கள் இடுப்பில் கட்டுகிற அதே படங்குதான். பெப்ரவரியில் முக்கியமான நட்சத்திரமெல்லாம் உச்சந்தலைக்கு நேரே நிற்கும். நின்றுகொண்டு பார்த்தால் கழுத்து பிடித்துக்கொள்ளும், ஆகவே படுக்கை. ஒரு கிலோ கனத்தை நெஞ்சுக்கு மேல் தூக்கிப் பிடித்தால் கை நடுங்கும், கை நடுங்கினால் பத்து மடங்கு பெருக்கத்தில் நடுக்கமும் பத்து மடங்கு பெருகும், வியாழன் கிரகம் வாணப்பொறி போலச் சுழலும். இதற்கு மாஸ்டர் கண்ட உபாயம் கொய்யாமரக் கவட்டை. கருவியைக் கவட்டையில் பொருத்தினால் ஆடாது. ஆனால் கவட்டை எந்தத் திசையைக் காட்டுகிறதோ அந்த வானம்தான் கிடைக்கும். ஆர்தர் சி. கிளார்க், சிவனொளிபாத மலையை மனதில் வைத்து ‘த ஃபவுண்டன்ஸ் ஆஃப் பாரடைஸ்’ நாவலை 1979 இல் வெளியிட்டபோது, கதைக்கு வசதியாக இலங்கைத் தீவையே 800 கிலோமீற்றர் தெற்கே நகர்த்தி நிலநடுக்கோட்டில் வைத்தார். மாஸ்டருக்குக் கொய்யாமரத்தை ஒரு முழம் நகர்த்த வழியில்லை.

“வாங்கண்ணே, உக்காருங்க. இன்னைக்கு வானம் கண்ணாடி.”

“அங்க கறுப்பா ஒண்ணு நிக்குதே மாஸ்டர்.”

“அது தூரத்துல. நம்ம பக்கம் வராது.”

கங்காணி பேசாமல் செருப்பைக் கழற்றி, அட்டை ஏறாமலிருக்கக் காலில் சவர்க்காரத்தைத் தேய்த்துக்கொண்டார். கண் இருட்டுக்குப் பழக இருபது முப்பது நிமிடம் வேண்டும், அதுவரை எந்த வெளிச்சத்தையும் பார்க்கக்கூடாது என்பது முற்றத்தின் சட்டம். அட்டைக்கு அவ்வளவு நேரம் தேவையில்லை. டோர்ச் லைட்டின் முகத்தில் போன வெசாக் கூட்டுக்கு வாங்கி மிஞ்சிய சிவப்புத் தாள் கட்டியிருந்தது. சிவப்பு வெளிச்சம் இருட்டுப் பார்வையைக் கெடுக்காது. முதல் வருஷம் அந்தச் சிவப்புப் பொட்டு கொய்யாமரத்தடியில் ஏறி இறங்குவதைக் கண்ட லயத்துப் பிள்ளைகள் ரோதமுனிச் சாமி இறங்கி வந்துவிட்டதாக ஓடியது தோட்டத்து வரலாறு. அந்தப் பக்கம் இரவில் ஒருவரும் தண்ணீருக்கு வராததால் மாஸ்டரும் அந்த நம்பிக்கையைத் தீவிரமாக மறுக்கவில்லை.

முதலில் மூன்றாம் பிறை. மொட்டை ரப்பர்க் கிளைகளுக்கு நடுவே, அறுத்துப் போட்ட நகத்துண்டு போல. கங்காணி முதலில் வெறுங்கண்ணால் கும்பிட்டுக்கொண்டு, பிறகுதான் கருவியை வாங்கினார்.

“தெரியுதா அண்ணே?”

“தெரியுது, தெரியுது.”

இந்தத் ‘தெரியுது’ என்ற சொல்லை ஆராய்ந்து ஒருவர் பட்டம் வாங்கலாம். அழைத்தவர் மனம் நோகக்கூடாது என்பதற்காக விருந்தாளி சொல்கிற பொய் அது. கல்யாண மண்டபத்தில் பட்டப்பகலில் அருந்ததியைக் காட்டும்போது மாப்பிள்ளையும் பெண்ணும் சொல்கிறார்களே, அதற்குச் சொந்தக்காரப் பொய். உண்மையில் கங்காணி பார்த்துக்கொண்டிருந்தது தன் கண்ணிமை மயிரை. மாஸ்டருக்கும் இது தெரியும். இரண்டு குழலையும் கண்ணகலத்துக்கு நெருக்கி, இடக்கண்ணுக்கு நடுச்சக்கரத்தைத் திருப்பி, வலக்கண்ணுக்குத் தனியாக இருக்கிற வளையத்தைத் திருப்பி, கால் மணி நேரம் கழிந்தது. பிறகு கங்காணி ஒன்றும் சொல்லவில்லை. அப்போதுதான் உண்மையில் தெரிய ஆரம்பித்திருக்கிறது என்று அர்த்தம்.

“மாஸ்டர், பிறைக்குள்ள மிச்ச நிலாவும் கறுப்பாத் தெரியுது. கூடை மாதிரி.”

“அது நம்ம வெளிச்சம் அண்ணே. சூரிய வெளிச்சம் பூமியில பட்டு, நிலாவுக்குப் போய்த் திரும்பி வருது.”

“நம்ம வெளிச்சமா? தோட்டத்துல கறன்ட் பில்லு கட்டல்லன்னு புடுங்கிட்டுப் போனானே, அந்த வெளிச்சமா?”

மாஸ்டர் இதைக் கேட்டும் கேட்காதவர் போலக் கிழக்கே திரும்பினார். அங்கே மலை முகட்டில் ஒரு நட்சத்திரம் தாழ நின்றது. நகரவில்லை. மின்னவுமில்லை. மாஸ்டர் குறிப்புப் புத்தகத்தைத் திறந்து, வானப் படத்தைச் சிவப்பு வெளிச்சத்தில் புரட்டி, இது படத்தில் இல்லையே என்று பென்சிலைக் கடித்தார். வெடித்துச் சிதறும் புது நட்சத்திரமாக இருந்தால் முதலில் அறிவிக்கவேண்டிய இடம் மொறட்டுவை கட்டுபெத்தையிலுள்ள ஆர்தர் சி. கிளார்க் நிலையம். ஜப்பான் கொடுத்த 45 சென்ரிமீற்றர்த் தொலைநோக்கி அங்கேதான் இருக்கிறது. மாஸ்டரின் குழலைவிட 81 மடங்கு வெளிச்சம் வாங்கும், அந்தக் கணக்கையும் அவர் போட்டு வைத்திருக்கிறார்.

“அது சிவனொளிபாத லைட்டு மாஸ்டர்” என்றார் கங்காணி. “சீசன் தொடங்கி ரெண்டு மாசமாகுதே.”

மார்கழிப் போயாவில் தொடங்கி வெசாக் வரை 2,243 மீற்றர் உயரத்தில் எரிகிற விளக்கு அது. மாஸ்டர் பென்சிலை வாயிலிருந்து எடுத்து, எழுதத் தொடங்கிய ஒரு வரியை அழித்தார்.

பிறகு தலைக்கு மேலே. மூன்று நட்சத்திரம் வரிசையாக நிற்பதை, நெரை பிடித்துக் கொழுந்தெடுக்க நிற்கிறார்கள் என்றார் கங்காணி. அதற்குச் சற்றுத் தெற்கே ஒரு வெண்பஞ்சுத் திப்பி. நட்சத்திரங்கள் பிறக்கிற புகைமண்டலம், 1,300 ஒளியாண்டுக்கு மேல் தூரம், பல்லவர் காலத்தில் புறப்பட்ட ஒளி என்று மாஸ்டர் ஒரே மூச்சில் சொன்னார். நேராகப் பார்க்காமல் ஓரக்கண்ணால் பார்த்தால் இன்னும் நன்றாகத் தெரியும் என்றார். மங்கல் வெளிச்சத்துக்குக் கண்ணின் ஓரம்தான் கூர்மை. “மேஸ்திரி பொம்பளைங்களப் பாக்குற மாதிரியா?” என்று கேட்டுவிட்டு, கங்காணி அதையும் செய்து பார்த்தார். நன்றாகத்தான் தெரிந்தது. வடக்கே சிவந்து நின்ற திருவாதிரையைக் காட்டி, 2019 கடைசியிலிருந்து 2020 பெப்ரவரி வரை அது யாருக்கும் சொல்லாமல் மங்கிப்போய், அதுவே கக்கிய வாயு தூசியாகி முகத்தை மறைத்துக்கொண்ட கதையையும் மாஸ்டர் சொன்னார். அந்த வருஷத்து மார்கழித் திருவாதிரைக்குத் தான் விடிய எழும்பிப் பஜனை போனதாகவும், ஒரு மாற்றமும் காணவில்லை என்றும் கங்காணி சொன்னார்.

அதுவரை எல்லாம் மாஸ்டரின் ஆட்டம். கொய்யாக் கவட்டை அன்று தற்செயலாகக் கார்த்திகைக்கு நேரே அமைந்ததும் ஆட்டம் மாறியது.

“எத்தன தெரியுது வெறுங்கண்ணுக்கு?”

“ஆறு. ஆறுதானே அது.”

“இப்ப பாருங்க.”

கங்காணி கவட்டைக்குப் பின்னால் கண்ணை வைத்தார். வாயைத் திறக்கவில்லை. ஒரு நிமிடம், இரண்டு நிமிடம். பிறகு வலக்கை ஆட்காட்டி விரல் தானாக எழுந்து காற்றில் குத்தத் தொடங்கியது. முப்பது வருஷம் விடியலில் பெரட்டுக்களத்தில் ஆள் எண்ணிய விரல். உதடு முணுமுணுத்தது. மாஸ்டர் ஏதோ சொல்ல வர, இடக்கையை உயர்த்தி நிறுத்தினார். மாஸ்டரை யாரும் அப்படி நிறுத்தியதில்லை. வகுப்பறையில் ஒரு பிள்ளைகூட.

தூரத்தில் இருந்த கறுப்பு மேகம் இதற்குள் மலையைத் தாண்டிவிட்டது. உள்ளேயிருந்து மனைவி, “ரொட்டி ஆறுது” என்றார். ஒருவரும் அசையவில்லை.

“முப்பத்திநாலு” என்றார் கங்காணி. “ஓரத்துல ரெண்டு மங்கலா நிக்குது. அதுக்கு அரைப்பேர்தான் போடலாம்.”

குறித்த அளவு கொழுந்தோ பாலோ கொடுக்காத நாளுக்குப் பாதிச் சம்பளம் எழுதுவதுதான் அரைப்பேர். எத்தனையோ பேரின் வயிறெரிச்சலைக் கொட்டிக்கொண்ட சொல். நட்சத்திரத்துக்கு அதை எழுதிய முதல் ஆள் இவராகத்தான் இருப்பார்.

மாஸ்டருக்கு உடம்பு சிலிர்த்தது. அவரும் எண்ணியிருக்கிறார், இருபத்தைந்துக்கு மேல் போனதில்லை. குழம்பிவிடும். “அண்ணே, கலிலியோன்னு ஒருத்தர். 1610 இல முதல்முதலாக் குழல் வச்சு இதே கார்த்திகையப் பாத்து வரைஞ்சு புத்தகம் போட்டாரு. அவர் வரைஞ்சது முப்பத்தாறு.”

“முப்பத்தாறா?” கங்காணி திரும்பவும் கண்ணை வைத்துப் பார்த்தார். “ரெண்டு பேர் இன்னைக்கு வேலைக்கு வரல்ல.”

அது 440 ஒளியாண்டு தூரம் என்றும், இப்போது கண்ணில் விழுகிற வெளிச்சம் புறப்பட்ட காலத்தில் சீதாவாக்கையில் முதலாம் ராஜசிங்கன் போர்த்துக்கேயரோடு மோதிக்கொண்டிருந்தான் என்றும் மாஸ்டர் சொன்னார். சீதாவாக்கை இங்கிருந்து பஸ்ஸில் போய் வருகிற தூரம் என்பதால் இது கங்காணிக்குப் பிடித்திருந்தது.

“அப்ப நம்மாளுங்க?”

“அக்கரையில. மழைக்குக் காத்துக்கிட்டு.”

முதல் துளி பைனாகுலரின் வலது வில்லையில் விழுந்தது. மாஸ்டர் அதைச் சட்டைக்குள் போட்டுக்கொண்டு ஓட, கங்காணி படங்கைச் சுருட்டித் தலையில் கவிழ்த்துக்கொண்டு நிதானமாக நடந்து வந்தார். இஸ்தோப்பில் உட்கார்ந்து ரொட்டியும் தேத்தண்ணியும் முடிகிற வரை தகரத்தில் மழை கொட்டியது. கங்காணியின் இடது கணுக்காலில் சவர்க்காரம் படாத இடமாகப் பார்த்து ஓர் அட்டை. பைனாகுலர் துடைத்து அரிசி டின்னுக்குள் போனது.

மாஸ்டரின் குறிப்புப் புத்தகத்துக்குக் கங்காணி வைத்திருக்கிற பெயர் செக்ரோல், தோட்டத்தில் பேர் போடுகிற புத்தகம். அன்றைய பக்கத்தில் பென்சிலால் இப்படி இருக்கிறது: கார்த்திகை, 34. அதில் அரைப்பேர் 2. எண்ணியவர் கங்காணி. இரவு 8.40, மழை.